நானூற்றுப் பதினேழு பிளொப்பிகள்

அத்தியாயம் 5

மதகு உடைந்தபோது மூக்கன் வெறுந்தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். சத்தம் பெரிதாக இல்லை. ஈரச் சுவர் ஒன்று சரிந்து உட்கார்ந்ததுபோல ஒரு தொம். கோப்பையோடு வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தான். அரை மணித்தியாலத்துக்கு முன் அமராவதியை ஏற்றிக்கொண்டு அவன் சைக்கிளில் வந்த வழியில் செம்மண் நிறத்தில் வெள்ளம் சுழித்துக்கொண்டு போனது.

“அக்கா, நாங்கள் வந்த ரோட்டு போகுது.”

“எங்க போகுது?” உள்ளேயிருந்து அமராவதி கேட்டாள்.

“கடலுக்குத்தான். எங்களிட்ட ஒரு சொல்லுச் சொல்லாமல் போகுது.”

உடையார்கட்டுக்கு வெளியே மேட்டில் நின்ற அந்தக் கட்டடம் ஒருகாலத்தில் கூட்டுறவுச் சங்கத்தின் நெற்களஞ்சியம், இப்போது தொலைந்தவர்களைப் பதியும் நிலையம். முன்பக்கம் ரோட்டு மதகு, பின்பக்கம் குளத்து நீர் வழியும் வான். இரண்டாயிரமாம் ஆண்டு மார்கழி மழை இரண்டையும் ஒரே மத்தியானத்தில் விழுங்கிவிட்டது. இனிப் பெரிய சில்லு வைத்த உழவு மெசின் வந்தால்தான் வெளியே போகலாம்.

அடைபட்டுக் கிடப்பது வன்னிச் சனத்துக்குப் புதிதல்ல. வவுனியாப் பக்கம் போகப் பாஸ் வேண்டும், பாஸ் கேட்டுப் போக இன்னொரு பாஸ் வேண்டும். பற்றரியும் மண்ணெண்ணெயும் சோதனைச்சாவடியோடு நின்றுவிடும். அது பெரிய கூடு, அதற்குள் ஓடித் திரியலாம். இது அந்தக் கூட்டுக்குள் ஒரு சின்னக் கூடு. சன்னல்களில் எலி வராமல் அடித்த கம்பிவலை, பழைய நெல்லின் புழுங்கல் மணம். மூக்கனுக்கு மூச்சு முட்டியது.

இந்தக் கட்டடத்துக்குள்ளேயே மூன்றாவது கூடும் ஒன்று இருந்தது. அது கொம்பியூட்டர் அறை. அதற்குள் கஜேந்தினி என்ற இருபத்திரண்டு வயதுப் பிள்ளையை நேற்றிலிருந்து பூட்டி வைத்திருந்தார்கள். அவளுடைய தாய் அழுதுகொண்டு வந்து கேட்டதால்தான் அமராவதி வந்தாள்.

அமராவதி தபால் கந்தோரில் தந்தி அடித்தவள். தொண்ணூறில் கம்பிகள் அறுந்ததோடு அந்த வேலையும் போனது. அதற்குப் பிறகு காணாமற்போன மாடு, சைக்கிள், மனிசர் என்று தேடிக் கொடுக்கத் தொடங்கினாள். ஐம்பது வயது, மெலிந்த உடம்பு, யோசிக்கும்போது ஆட்காட்டி விரல் தானாகத் தந்தி அடிக்கும். அவளைச் சைக்கிளில் ஏற்றித் திரிபவன் மூக்கன். புதுக்குடியிருப்புச் சந்தையடியில் சைக்கிள் திருத்துகிறவன். எழுபத்தேழு கலவரத்தில் மலைநாட்டிலிருந்து பன்னிரண்டு வயதில் வந்தவனுக்குப் பேச்சு இப்போது வன்னிப் பேச்சாகவே ஆகிவிட்டது. கோபம் வந்தால் மட்டும் பழைய மலை எட்டிப் பார்க்கும்.

“நீங்கள் தேத்தண்ணி குடிக்க வரேல்லை எண்டு நினைக்கிறன்,” என்றார் நிலையத்தின் பொறுப்பாளர் சிவராசா. முன்பு கணிதம் படிப்பித்தவர் என்பதால் எல்லோரும் மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். நாலு நாளாகத் தூங்காத கண்கள். “கேக்கிறதைக் கேளுங்கோ. பின்னேரம் கிளிநொச்சியில இருந்து கொமிற்றி ஆக்கள் வருவினம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவினம். அதுக்குப் பிறகு என்ரை கையில ஒண்டும் இல்லை.”

“என்ன களவு போனது, மாஸ்டர்?”

“பதிவேடு.”

அவர் சொன்ன கதை இது. இடம்பெயர்வுகளில் தொலைந்தவர்களின் பெயர்களை இந்த நிலையம் நாலு வருசமாகச் சேர்த்து வந்தது. பதினையாயிரம் பேர். ஆளுக்கொரு படம், பெயர், வயது, தொலைந்த இடம், தேடுகிறவரின் விலாசம். கையால் எழுதிய படிவங்கள் போன வருச இடம்பெயர்வில் நனைந்து கூழாகிவிட்டன. எல்லாம் கொம்பியூட்டரில் மட்டுமே இருந்தது. திங்கட்கிழமை காலை திறந்து பார்த்தால் ஒன்றுமில்லை. முழுவதையும் பிளொப்பித் தட்டுகளில் எடுத்துக்கொண்டு, பிறகு மெசினில் அழித்துவிட்டாள் கஜேந்தினி என்றார்.

“எதுக்கு?”

“பிள்ளையைத் தொலைச்ச சனம் ஒரு பேருக்காக எதையும் குடுக்கும். அந்தப் பேரை வாங்கி விக்க அலையிற ஆக்கள் வெளியில இருக்கினம்.”

“அவள் எடுத்ததைக் கண்டனீங்களோ?”

“பெட்டியில பத்துத் தட்டு இருந்தது. இப்ப ஒன்பது.” சிவராசா சாவியை எடுத்தார்.

அறைக்குள் மேசை, கொம்பியூட்டர், கூரைச் சோலர்த் தகட்டிலிருந்து இறங்கிய வயர், அதன் முனையில் ஒரு லொறி பற்றரி, மூலையில் இரும்பு அலுமாரி. கஜேந்தினி சுவரோடு ஒட்டி நிலத்தில் இருந்தாள். அவளுடைய சாமான்கள் மேசையில் பரப்பிக் கிடந்தன. துணி பிரித்தெடுத்த குடை. மூடி நெளிந்த சாப்பாட்டுப் பெட்டி. முதுகு கீறிப் பிளந்த டயறி. அடி கழற்றிய ஒரு செருப்பு.

மூக்கன் செருப்பைத் தூக்கிப் பார்த்தான். “மாஸ்டர், இதை ஒட்ட நான்தான் வரவேணும் போல.”

ஒருவரும் சிரிக்கவில்லை. அமராவதி குடைக் கம்பிகளை ஒரு கணம் பார்த்துவிட்டுப் பிள்ளையின் பக்கத்தில் குந்தினாள்.

“பிள்ளை, பதிவேடு எவ்வளவு பெரிசு?”

“அறுநூறு மெகாபைற், அன்ரி.”

“எனக்கு அது விளங்காது. ஒரு பிளொப்பியில எவ்வளவு பிடிக்கும்?”

“ஒண்டு தசம் நாலு நாலு.”

“மாஸ்டர், நீங்கள் கணக்குப் படிப்பிச்சனீங்கள். பிரிச்சுச் சொல்லுங்கோ.”

சிவராசா கையிலிருந்த சாவியைத் திருப்பிக்கொண்டு நின்றார். அமராவதி சாக்கட்டி எடுத்துச் சுவரிலேயே பிரித்தாள். தந்திக் கந்தோர்க் கை, வேகமாக ஓடியது.

“நானூற்றுப் பதினேழு தட்டு,” என்றாள். “மூக்கன், அந்த ஒன்பதையும் அடுக்கி உயரம் பாரும்.”

மூக்கன் அடிமட்டத்தை வைத்தான். “மூண்டு சென்ரிமீற்றருக்குச் சொட்டுக் குறைய இல்லை.”

“அப்ப நானூற்றுப் பதினேழும்?”

அவன் விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் பார்த்தான். “நாலரை அடி வரும்.”

அமராவதி சுவரில் நாலரை அடியில் ஒரு கோடு போட்டாள். “பிள்ளை, எழும்பி இதுக்குப் பக்கத்தில நில்.”

கஜேந்தினி நின்றாள். கோடு அவளுடைய தோளுக்கு வந்தது.

“தன்ரை தோளளவு தட்டை இவள் சாப்பாட்டுப் பெட்டிக்குள்ள வைச்சுக் கொண்டு போனவளாம்,” என்றான் மூக்கன். “ரெண்டு உரப்பையும் என்ரை பெரிய கரியரும் வேணும். அதுவும் ரயருக்கு நல்ல காத்து அடிச்சிருக்கவேணும்.”

“இன்னும் இருக்கு. ஒரு தட்டு நிரம்ப எவ்வளவு நேரம், பிள்ளை?”

“ரெண்டு நிமிசம்.”

“பதினாலு மணித்தியாலம். இந்தப் பற்றரி ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் தாங்கும்?”

“மழைக்குள்ள ரெண்டு மணித்தியாலமும் கஷ்டம்.”

“ஒரு கிழமை, வேற வேலை ஒண்டும் இல்லாமல். இந்த வருசம் உங்களுக்கு வந்த தட்டு எத்தனை, மாஸ்டர்?”

“ஒரு பெட்டி.” சிவராசாவின் குரல் தாழ்ந்திருந்தது.

“பத்து. புதுக்குடியிருப்பு முழுக்கத் தேடினாலும் இன்னொரு பத்துக் கிடைக்குமோ தெரியாது. சாவடியில விட மாட்டாங்கள்.”

மூக்கனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அலுமாரியின் மேல்தட்டில் கறுப்பாக, மெல்லிசாக, கைவிசிறி அகலத்தில் அடுக்கியிருந்தவற்றைக் காட்டினான். “அங்க நிறையக் கிடக்கே. அது என்ன?”

“அது பழைய பெரிய பிளொப்பி, அண்ணை. வெளிநாட்டுக்காரர் சாமானோட வந்தது. இதைப் போட எங்களிட்ட மெசினே இல்லை. ஒண்டில முந்நூற்று அறுபது கிலோபைற்தான் பிடிக்கும்.”

“அப்ப அதில எண்டால்?”

“ஆயிரத்து அறுநூற்று அறுபத்தேழு,” என்றாள் கஜேந்தினி. பயத்துக்குள்ளும் கணக்கு அவளுக்கு உடனே வந்தது.

“தந்தியில அனுப்பியிருந்தால்?” என்றான் மூக்கன்.

அமராவதியின் விரல் தொடையில் தட்டியது. “அறுபது கோடி எழுத்து. நான் நிமிசத்துக்கு நூற்றைம்பது அடிப்பன். சோறு தண்ணி நித்திரை இல்லாமல் அடிச்சால் ஏழரை வருசத்துக்கு மேல.”

“ஏழரையோ? அது தந்தி இல்லை அக்கா, சனி.”

இம்முறை கஜேந்தினி சிரித்தேவிட்டாள். சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

அமராவதி சாக்கட்டியைக் கீழே வைத்தாள். “மாஸ்டர், இந்தப் பிள்ளை பதிவேட்டைக் கொண்டுபோகேல்லை. கொண்டுபோகவும் ஏலாது. வேலையை முடிச்சிட்டன்.”

சிவராசா சண்டை பிடிப்பார் என்று மூக்கன் எதிர்பார்த்தான். மனிதர் அப்படிச் செய்யவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். “சரி. நான் பிழையா நினைச்சிட்டன் போல. கொமிற்றிக்கு நானே சொல்லுறன். ஆனா அந்த ஒரு தட்டு குறையுதெல்லே? அதை மட்டும் தரச் சொல்லுங்கோ. தந்தால் இப்பவே அவள் போகலாம்.”

“எங்க போக, மாஸ்டர்? நீந்தியோ?” என்றான் மூக்கன்.

“நான் இவளோட தனிய ரெண்டு சொல்லுக் கதைக்கவேணும்,” என்றாள் அமராவதி.

சிவராசா தயங்கித் தயங்கி வெளியே போனார். கூடத்தில் பழைய நெற்தராசில் ஏறி நின்று தன் நிறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள் அவருடைய மகள் நிசாந்தினி. ஏழு வயது. கட்டடத்தின் பின்பக்கம்தான் அவர்களுடைய வீடு. மனைவி இலட்சுமி குசினியில் மாவு வறுக்கும் மணம் வந்தது. மழை நிற்கவில்லை. வாசற்படி ஐந்தில் இரண்டு தண்ணீருக்குள் போய்விட்டது.

மூக்கன் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது அமராவதி அந்தப் பிரித்த குடையைக் கையில் வைத்திருந்தாள்.

“மூக்கன், நானூற்றுப் பதினேழு தட்டைத் தேடுற மனிசன் குடைத் துணிக்குள்ள தேடுவானோ?”

“தேட மாட்டான். கூரைக்குள்ள, கிணத்துக்குள்ள, பெட்டி பெட்டியாத் தேடுவான்.”

“டயறியின்ரை முதுகு, செருப்பின்ரை அடி, சாப்பாட்டுப் பெட்டி மூடி. இதெல்லாம் ஒரே ஒரு தட்டு ஒளிக்கிற இடம். கணக்கு வாத்தியார். நான் சுவரில பிரிச்ச கணக்கு அவருக்குத் தெரியாமலே இருக்கும்? தெரிஞ்சுகொண்டுதான் ஒரு தட்டைத் தேடுறார்.”

மூக்கன் தலையைச் சொறிந்தான். “ஒரு தட்டில என்ன பெரிசாப் பிடிக்கும்? முப்பது நாப்பது பேரின்ரை மூஞ்சி பிடிக்கும். இந்த மூஞ்சியள்தான் அக்கா இடத்தைப் பிடிக்கிறது. என்ரை அடையாள அட்டையிலயும் பாருங்கோ, படம் அரைவாசி, பேர் ஒரு மூலை. மூக்கன் எண்டு எழுத எவ்வளவு இடம் வேணும்?”

அமராவதியின் விரல் தட்டுவதை நிறுத்தியது.

அவள் மெதுவாகப் பிள்ளையின் பக்கம் திரும்பினாள். “படத்தை விட்டிட்டு எழுத்தை மட்டும் எடுத்தால்? ஒரு ஆளுக்கு எத்தனை எழுத்து வரும்?”

கஜேந்தினி சுவரிலிருந்த கணக்கைப் பார்த்தாள்.

“நான் சொல்லட்டே? பேர், வயது, இடம், விலாசம். தொண்ணூறு எழுத்து. பதினையாயிரம் பேருக்குப் பதின்மூண்டரை லட்சம். ஒரு தட்டில பதினாலு லட்சத்துக்கு மேல பிடிக்கும். பதினையாயிரம் சனமும் ஒரே ஒரு தட்டுக்குள்ள. நீ எடுத்தனி, என்ன?”

மூக்கன் திகைத்துப்போனான். அரை மணித்தியாலமாகச் சாக்கட்டியால் கட்டிய கோட்டை ஒரே வரியில் இடிந்துவிட்டது.

“எடுத்தனான்,” என்றாள் கஜேந்தினி. கண்ணீர் பொலபொலவென்று வந்தது. “களவெடுக்க இல்லை, அன்ரி. மழைக்குப் பற்றரி செத்துச் செத்து வருது. மெசின் ரெண்டு தரம் நிண்டுபோச்சு. ஒரு நாளைக்கு எல்லாம் போயிடும் எண்டு பயந்து வெள்ளிக்கிழமை பின்னேரம் பேரை மட்டும் எடுத்து வைச்சனான். ஒரு பிரதியும் எடுக்கக் கூடாது எண்டு சட்டம். திங்கக்கிழமை பார்த்தால் உண்மையாவே எல்லாம் போச்சு. தட்டை எடுத்துக் காட்டுவம் எண்டு நினைக்கேக்கை மாஸ்டர் ‘கள்ளி’ எண்டிட்டார். அதுக்குப் பிறகு அதைக் காட்டினால் நான் கள்ளிதானே?”

“எங்க வைச்சனி?”

அவள் அலுமாரியின் மேல்தட்டைப் பார்த்தாள். மூக்கன் கதிரையில் ஏறி அந்தப் பழைய பெரிய பிளொப்பிகளை இறக்கினான். ஒவ்வொன்றும் ஒரு கடதாசி உறைக்குள் இருந்தது. பதினோராவது உறை மற்றவற்றைவிடக் கொஞ்சம் தடிப்பு. உள்ளே கையை விட்டான். சின்னது ஒன்று நழுவி வந்தது.

“போடுற மெசினே இல்லாத தட்டை ஒருத்தரும் திறந்து பார்க்க மாட்டினம்,” என்றாள் கஜேந்தினி.

“அடி ஆத்தா,” என்றான் மூக்கன். மலை எட்டிப் பார்த்துவிட்டது. “இவ்வளவு மூளையை வச்சிக்கிட்டு ஏன் புள்ள மூலையில குந்தி அழுவுற?”

அமராவதி கதவைத் திறந்து சிவராசாவைக் கூப்பிட்டாள். வந்தவரின் கண் நேரே பிளொப்பிக்குப் போனது. கை நீண்டது. மூக்கன் அதைச் சட்டைப்பைக்குள் வைத்து, மேலே உள்ளங்கையால் மூடிக்கொண்டான்.

“மாஸ்டர், எனக்கு ஒண்டு விளங்கேல்லை,” என்றாள் அமராவதி. “மெசின் மழைக்குப் பழுதாப் போச்சு எண்டு நீங்கள் சொல்லியிருந்தால் உலகத்தில ஒருத்தரும் உங்களைக் கேள்வி கேட்டிருக்க மாட்டினம். வன்னியில எது பழுதாப் போகேல்லை? ஆனா நீங்கள் களவு எண்டு சொன்னீங்கள். ஏனெண்டால் பெட்டியில ஒண்டு குறைஞ்சிருந்தது. பேர் எங்கயோ தப்பியிருக்கு எண்டு கண்டீங்கள். அதைத் தேடுறதுக்கு உங்களுக்கு ஒரு கள்ளி தேவைப்பட்டா.”

“நீங்கள் என்ன கதைக்கிறியள்?”

“நாலு வருசம் இந்தப் பட்டியல் உங்களுக்கு ஒரு கரைச்சலும் குடுக்கேல்லை. போன கிழமைதான் குடுத்திருக்கு. பிள்ளை, வெள்ளிக்கிழமை என்ன அடிச்சனி?”

“வவுனியா முகாமில இருந்து லொறியில வந்த கட்டு, அன்ரி. நாப்பது படிவம்.”

“அந்த நாப்பதையும் வாசி.”

மூக்கன் பிளொப்பியை எடுத்துக் கஜேந்தினியிடம் கொடுத்தான், திரை வெளிச்சமாகியது. பற்றரியின் சின்ன விளக்கு சிவப்புக் காட்டியது. இன்னும் கால் மணித்தியாலம் தாங்கினால் பெரிது. கஜேந்தினி வாசிக்கத் தொடங்கினாள். பெயர், வயது, இடம். பெயர், வயது, இடம். அமராவதி திரையைப் பார்க்கவில்லை. சிவராசாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கன் கதவை அடைத்து நின்றான். வெளியே தண்ணீரின் இரைச்சல். இந்த அறையிலிருந்து அந்த மனிதன் ஓட நினைத்தாலும் ஓட இடமில்லை என்று அவனுக்குத் தோன்றியது. அது அவனுக்குப் பிடிக்கவில்லை.

“இருபத்தாறு. டிலுசா. தொலையேக்க வயது மூண்டு. ஆடி தொண்ணூற்றாறு, முல்லைத்தீவில இருந்து வற்றாப்பளைக்கு வாற வழி. இடது புருவத்துக்கு மேல தையல் போட்ட தழும்பு. தேடுறது தாய், புனிதம். காயப்பட்டு வவுனியாவுக்குக் கொண்டுபோனது, இப்ப முகாமில…”

“போதும்,” என்றார் சிவராசா.

அவர் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

“பிள்ளை ரோட்டோரத்தில, ஒரு உடைஞ்ச வண்டிலுக்குக் கீழ தனிய இருந்தது,” என்றார். “மூண்டு நாள் அந்த ரோட்டில நிண்டு கேட்டனான். ஒருத்தரும் வரேல்லை. எங்களுக்கெண்டு பிள்ளை பிறக்கேல்லை, கொண்டுவந்து வளர்த்தம். தாய் தேப்பன் செத்துப்போச்சினம் எண்டு இலட்சுமிக்குச் சொன்னன். சொல்லிச் சொல்லி நானும் நம்பிட்டன். வெள்ளிக்கிழமை இரவு அந்தப் படிவத்தில படம் கண்டன். அதே முகம்.”

“அதனால பதினையாயிரம் பேரையும் அழிச்சனீங்களோ?” கஜேந்தினி கத்தினாள். பூட்டி வைத்த ஒரு நாளின் கோபம் முழுவதும் அதில் இருந்தது.

“இல்லை!” அவர் தலையை நிமிர்த்தினார். “சத்தியமா இல்லை. அந்தப் படிவத்தை எரிச்சுப்போட்டு, மெசினில அந்த ஒண்டை மட்டும் அழிக்கத்தான் போனனான். எனக்கு அந்த மெசின் வடிவாத் தெரியாது. அழிக்கட்டோ எண்டு கேட்டுது. ஓம் எண்டு அமத்தினன். பிறகு பார்த்தால் ஒருத்தரும் இல்லை. ஒருத்தர்கூட இல்லை, பிள்ளை. அந்த இரவு முழுக்க இந்தக் கதிரையிலதான் இருந்தனான். நீ பேரை எடுத்து வைச்சிருக்கிறாய் எண்டு விளங்கினபோது எனக்குச் சந்தோசமும் வந்தது, பயமும் வந்தது. பயம்தான் வெண்டிட்டுது. கொஞ்சம் வெருட்டினால் தருவாய் எண்டு நினைச்சன். கிளிநொச்சிக்குச் சொன்னதோட அது என்ரை கையை விட்டுப் போச்சு.”

கதவில் அசைவு. மூக்கன் திரும்பினான். இலட்சுமி நின்றாள். வறுத்த மாவு இன்னும் கையில் ஒட்டியிருந்தது. எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. அவளுடைய விரல் தன் இடது புருவத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

“அந்தத் தாய் உயிரோட இருக்கிறாவோ?”

சிவராசா தலையைக் குனிந்துகொண்டார்.

“ஓம், தங்கச்சி,” என்றாள் அமராவதி.

“நாலரை வருசமாத் தேடுறாவோ?”

“ஓம்.”

இலட்சுமி யாரையும் பார்க்காமல் கூடத்துப் பக்கம் திரும்பினாள். நிசாந்தினி தராசிலிருந்து இறங்கி, தொங்கிய சங்கிலியை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“டிலுசா,” என்று கூப்பிட்டாள் இலட்சுமி. பெரிதாக இல்லை. பிள்ளைக்குக் கேட்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டு கூப்பிட்ட குரல்.

சங்கிலி நின்றது. பிள்ளை திரும்பினாள். முதலில் இலட்சுமியைப் பார்த்தாள், பிறகு நிலத்தில் இருந்த தகப்பனைப் பார்த்தாள். தப்புச் செய்து பிடிபட்டவள்போல முகம் சுருங்கியது.

“நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, அம்மா.”

“உனக்கு அந்தப் பேர் தெரியுமோ?”

“தெரியும். மற்ற அம்மா வைச்ச பேர். சொன்னால் அப்பா அழுவார் எண்டு சொல்லேல்லை.”

சிவராசா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். மூக்கன் சன்னல் பக்கம் திரும்பி நின்றான். கம்பிவலைக்கு வெளியே வெள்ளத்தில் ஒரு கதவு மிதந்து போனது. ஏழு வயதுப் பிள்ளை ஒன்று நாலரை வருசம் ஒரு பெயரைத் தனக்குள்ளே பூட்டி வைத்திருந்திருக்கிறது. இந்தக் கட்டடத்தில் அடைபட்டுக் கிடந்தவர்களை அவன் இவ்வளவு நேரமும் பிழையாகத்தான் எண்ணியிருக்கிறான்.

தூரத்தில் உழவு மெசினின் சத்தம் கேட்டது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மெதுவாக வந்தது. அது பின்னால் இழுத்துவந்த பெட்டியில் சாக்குப் போர்த்துக்கொண்டு இரண்டு பேர் இருந்தார்கள். வாசற்படியில் மேலே இரண்டுதான் தண்ணீருக்கு வெளியே தெரிந்தன.

“ஆர் அந்தப் பிள்ளை? கூட்டிக்கொண்டு வாங்கோ. இருட்டுக்கு முதல் திரும்பவேணும்,” என்று ஒருவர் கத்தினார்.

கஜேந்தினி அமராவதியின் கையைப் பிடித்தாள். அமராவதி பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சிவராசா எழும்பிவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டினார். மகளின் தலையில் ஒருதரம் கையை வைத்தார்.

“பிள்ளை ஒண்டும் செய்யேல்லை,” என்று வெளியே பார்த்துச் சொன்னார். “அழிச்சது நான். நான் வாறன். வழியில எல்லாம் சொல்லுறன்.”

படியில் இறங்கினார். தண்ணீர் அவருடைய தொடைக்கு வந்தது. பெட்டியில் ஏற மூக்கன் கை கொடுத்தான்.

“மாஸ்டர், வவுனியாவுக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக ஏலுமோ?” என்று மெதுவாகக் கேட்டான்.

“பிள்ளைக்குப் பாஸ் எடுக்கவேணும். தாய்க்கு முகாமை விட்டு வெளிக்கிட ஏலாது.” சிவராசா தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார். “ஆனா லொறி புதன்கிழமையில போகும். கடிதம் போகும்.”

உழவு மெசின் திரும்பியது.

மூக்கன் நனைந்த சாரத்தைப் பிழிந்துகொண்டு உள்ளே வந்தபோது, இலட்சுமி கொம்பியூட்டருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். மடியில் பிள்ளை. பற்றரி விளக்கு மினுங்கத் தொடங்கியிருந்தது. அச்சடிக்க வழியில்லை, நேரமும் இல்லை. கஜேந்தினி பிளந்த டயறியிலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் பேனையோடு இருந்தாள். திரையில் தெரிந்த விலாசத்தை முதலில் பார்த்து எழுதினாள்.

“சொல்லுங்கோ அக்கா, வேகமா.”

“அன்புள்ள புனிதம் அக்காவுக்கு,” என்று தொடங்கினாள் இலட்சுமி. நிறுத்தினாள். “உங்கட மகள் எங்களிட்ட இருக்கிறா. சுகமா இருக்கிறா. இரண்டாம் வகுப்புப் படிக்கிறா. மீன் எண்டால் விருப்பம்.”

கஜேந்தினி பேனையை நிறுத்தினாள். “மகளின்ரை பேரை என்னெண்டு எழுத? நிசாந்தினி எண்டோ, டிலுசா எண்டோ?”

திரை அணைந்தது. அறையில் மழை வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. மூக்கன் எதையாவது சொல்லி அந்த அமைதியைக் கலைக்க நினைத்தான். அமராவதி அவனுடைய கையில் தட்டி வேண்டாம் என்றாள்.

இலட்சுமி பிள்ளையின் புருவத்துக்கு மேலிருந்த தழும்பில் உதட்டை வைத்து எடுத்தாள்.

“ரெண்டையும் எழுது,” என்றாள். “முதல்ல அவா வைச்ச பேர்.”